அமுக்கநீர் அணுவுலையின் பழுதுகளைக் கணினிவழி கண்டறிதல்: கிழக்கிலங்கை மாணவருக்கான செயன்முறை வழிகாட்டி

இலங்கையில் மின்னுற்பத்திக்கான அணுவுலை ஒன்றேனும் இல்லை. ஆயினும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திலோ, சம்மாந்துறையில் உள்ள அதன் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பௌதிகவியல், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம் ஆகியவற்றுள் ஒன்றைக் கற்கும் மாணவர் தமது இறுதியாண்டு ஆய்வுக்கு அணுவுலைப் பழுதறிதலைத் துணிந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய தரவு விலையின்றிக் கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினியும் பைதான் மொழியும் போதும். தேவைப்படும் கணிதத்தில் பெரும்பகுதி இரண்டாம் ஆண்டிலேயே கற்பிக்கப்பட்டுவிடுகிறது.

இவ்விடயம் எமக்கு அந்நியமானதும் அன்று. 2004 டிசெம்பர் 26 அன்று மருதமுனையையும் கல்முனையையும் காரைதீவையும் நாவலடியையும் தாக்கிய அதே ஆழிப்பேரலை, தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் உள்ள அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைக்கும் பம்பிக் கட்டடத்துக்குள்ளும் புகுந்தது. அப்போது இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அத்தகைய தருணத்தில் எது செயலிழந்தது, எது இன்னும் இயங்குகிறது, அளவிகள் காட்டுவதில் எதை நம்பலாம் என்பவற்றை இயக்குநருக்கு விரைந்து எடுத்துரைப்பதே பழுதறியும் கணினி நிரலின் பணியாகும்.

இவ்வழிகாட்டியில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவது ஒன்றே. என்ன பழுது என்று கேட்பதற்கு முன்னர், அளவி உண்மை சொல்கிறதா என்று கேட்க வேண்டும். இக்கேள்வியை முதலில் கேட்காத நிரல், அதன் கணிதம் எவ்வளவு நுட்பமானதாயினும், நெருக்கடி நேரத்தில் மனிதரை வழிதவறச் செய்யும்.

உலையும் தரவும்

எந்த வகை உலைக்காக நிரல் எழுதுகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். உலகில் மிகுதியாக இயங்குவது அமுக்கநீர் உலையே. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளத்தில் இயங்கும் முதலிரு அலகுகளும் வி.வி.இ.ஆர்-1000 எனப்படும் ரஷ்ய வடிவமைப்பிலான அமுக்கநீர் உலைகளாகும். அவை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3000 மெகாவாற்று வெப்பம் உண்டாகிறது. அவ்வெப்பத்தை 15.7 மெகாபஸ்கால் அளவிலான அமுக்கத்தில் உள்ள நீர் ஏற்றுக்கொண்டு, உட்புகும்போது 291 பாகை செல்சியஸாக இருந்தது வெளியேறும்போது 321 பாகையளவுக்கு உயர்ந்து, நான்கு தடங்களின் வழியே நான்கு நீராவிப் பிறப்பாக்கிகளுக்குச் செல்கிறது. அமுக்கம் இவ்வளவு உயர்வாக இருப்பதாலேயே அந்நீர் கொதிக்காமல் இருக்கிறது. அந்த அமுக்கத்தை நிலைநிறுத்துவது அமுக்கச் சீராக்கி என்னும் கலனாகும். அதன் கீழ்ப்பகுதியில் நீரும் மேற்பகுதியில் நீராவியும் இருக்கும். நீராவிப் பிறப்பாக்கியின் மெல்லிய குழாய்ச் சுவர்களுக்கு மறுபுறத்தில் ஓடும் இரண்டாம் சுற்றின் நீர் ஆவியாகிச் சுழலியை இயக்குகிறது. முதற்சுற்றின் நீர் கதிர்த்தொழிற்பாடு உடையது, இரண்டாம் சுற்றின் நீர் அவ்வாறானதன்று என்பதை நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பழுதுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் கட்டத்தில் அது பெரிதும் கைகொடுக்கும்.

சர்வதேச அணுசக்தி முகவரகம் கல்விக்கெனச் சில உலைப் போலச்செய்மென்பொருள்களை உறுப்பு நாடுகளுக்கு விலையின்றி வழங்குகிறது. அமுக்கநீர் உலை, கொதிநீர் உலை, வி.வி.இ.ஆர்-1000, கனநீர் உலை ஆகியவை அவற்றுள் அடங்கும். இலங்கை 1957 முதல் அம்முகவரகத்தின் உறுப்பு நாடாக உள்ளது. ஆயத்தமான தரவு வேண்டுவோருக்கு, பிசிட்ரான் என்னும் போலச்செய்மென்பொருளைக் கொண்டு பல்வேறு விபத்து நிலைகளுக்கு உருவாக்கப்பட்டு 2022 இல் வெளியிடப்பட்ட என்.பி.பி.ஏ.டி. என்னும் திறந்த தரவுத்தொகுதி உதவும். என் கருத்தில் போலச்செய்மென்பொருளைத் தாமே இயக்கிப் பார்ப்பதே சிறந்தது. ஒரு வால்வைத் திறந்துவிட்டு, எந்த அளவு முதலில் அசைகிறது, எது தயங்கிப் பின்தொடர்கிறது என்று கண்ணால் கண்டவருக்கு விளங்கும் விடயம், பிறர் தந்த அட்டவணையை மட்டும் வாசித்தவருக்கு விளங்குவதில்லை.

தொடக்கத்தில் முப்பது குறிகைகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலையின் வலு, ஒவ்வொரு தடத்தினதும் உட்புகு மற்றும் வெளியேறு வெப்பநிலைகள், முதற்சுற்றின் அமுக்கம், அமுக்கச் சீராக்கியின் நீர்மட்டம், நீராவிப் பிறப்பாக்கிகளின் மட்டமும் அமுக்கமும், ஊட்டுநீரின் பாய்ச்சல் வீதம், நீராவியின் பாய்ச்சல் வீதம், உலையைச் சூழ்ந்து மூடியிருக்கும் காப்புக் கட்டடத்தின் அமுக்கமும் ஈரப்பதனும் கதிர்வீச்சும், நீராவிக் குழாயின் கதிர்வீச்சு, நீர் நிரப்பும் மற்றும் வெளியெடுக்கும் வீதங்கள் என்பன போதுமானவை. போலச்செய்தரவு மிகத் தூய்மையானது என்பதால், ஒவ்வொரு குறிகையிலும் உண்மையான உணரிக்கு ஒத்த அளவு இரைச்சலை நீங்களே சேர்க்க வேண்டும். அவ்வாறு செய்யாத ஆய்வுகள் நூற்றுக்கு நூறு துல்லியம் காட்டுவதில் வியப்பில்லை. அந்த எண்ணுக்குப் பொருளும் இல்லை.

அளவி சொல்வது உண்மையா

உணரிகள் பழுதடையும் விதங்கள் சிலவே. வாசிப்பு முழுவதும் ஒரே அளவால் விலகியிருக்கலாம், நாளடைவில் மெல்ல நகரலாம், ஒரே எண்ணில் உறைந்துபோகலாம், இரைச்சல் பெருகலாம், மாற்றத்துக்குத் தாமதமாகப் பதிலளிக்கலாம். இவ்வைந்தையும் நீங்களே தரவில் புகுத்தி, நிரல் பிடிக்கிறதா என்று பாருங்கள். உறைந்த உணரியைக் கண்டறிவது எளிது: இயங்கும் உலையில் எந்த அளவும் முற்றாக அசையாமல் இருப்பதில்லை, ஆகவே சிறிதுநேர மாறற்றிறன் (வாசிப்புகள் சிதறும் அளவு) பூச்சியத்தை நெருங்கினால் ஐயுற வேண்டும். அமுக்க உணரிக்குச் செல்லும் நுண்குழாய் அடைபடும்போது வாசிப்பின் இடை (சராசரி) மாறாமலே இருக்க, அதன் மேல் தவழும் விரைவான ஏற்ற இறக்கங்கள் மட்டும் மங்கிவிடும். இடையை மட்டும் கவனிக்கும் நிரலுக்கு இது ஒருபோதும் புலப்படாது.

ஒரே அளவை மூன்று அல்லது நான்கு உணரிகள் அளந்தால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எனினும் பெரும்பான்மையை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. நான்கும் ஒரே காரணத்தால் ஒரே திசையில் தவறலாம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புக்குஷிமா டைச்சி நிலையத்தின் முதலாம் அலகில், நீர்மட்ட அளவி எரிபொருளுக்கு மேலே நீர் இருப்பதாகக் காட்டியது. அவ்வேளையில் எரிபொருள் ஏற்கனவே நீருக்கு வெளியே வந்துவிட்டது என்பது பின்னைய பகுப்பாய்வில் தெரியவந்தது. அந்த அளவி, ஒப்பீட்டுக் குழாய் ஒன்றில் எப்போதும் நிறைந்திருக்கும் நீர்நிரலின் அமுக்கத்துக்கும் கலனில் உள்ள நீரின் அமுக்கத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கொண்டே மட்டத்தைக் கணிப்பது. கடும் வெப்பத்தில் ஒப்பீட்டுக் குழாயின் நீர் ஆவியாகிக் குறைந்தது, வித்தியாசம் சுருங்கியது, மட்டம் உயர்வதாகத் தோன்றியது. உணரி உடைந்திருக்கவில்லை, அது எந்த நிபந்தனையின் கீழ் உண்மை சொல்லுமோ அந்த நிபந்தனை அற்றுப்போயிருந்தது. எனவே ஒவ்வொரு குறிகைக்கும் அது எந்தப் பௌதிகத் தத்துவத்தால் அளக்கப்படுகிறது, எந்நிலையில் அத்தத்துவம் பொய்க்கும் என்று ஒரு வரியேனும் எழுதி, அக்குறிப்பை நிரலுக்குள்ளேயே சேமித்து வையுங்கள். இப்பணி அலுப்பூட்டக்கூடும். ஆனால் முழு ஆய்விலும் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு விடயத்தையும் இங்கேயே பழகிக்கொள்ள வேண்டும். கட்டளை வேறு, நிலைமை வேறு. அமெரிக்காவின் திறீ மைல் ஐலன்ட் நிலையத்தின் இரண்டாம் அலகில் 1979 மார்ச் 28 அதிகாலையில், அமுக்கச் சீராக்கியின் மேலுள்ள அமுக்கந்தணி வால்வு திறந்து, மீண்டும் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் பலகையில் இருந்த விளக்கோ, வால்வுக்கு மூடும் கட்டளை சென்றுவிட்டதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அது அளக்கவில்லை. விளக்கு அணைந்ததைக் கண்ட இயக்குநர்கள் வால்வு மூடிவிட்டதாகவே கருதினர். வால்வுக்கு அப்பாலுள்ள குழாயின் வெப்பநிலை உயர்ந்து காணப்பட்டபோதும், அவ்வால்வு முன்னரே சிறிது கசிந்துவந்ததால் அவ்வுயர்வை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக முதற்சுற்றின் நீர் வெளியேறியது. எரிபொருள் அடங்கிய உலையகத்தில் ஏறத்தாழப் பாதி உருகியது. உங்கள் தரவு அட்டவணையில் ஒவ்வொரு வால்வுக்கும் பம்பிக்கும் கட்டளை என்று ஒரு நெடுவரிசையையும், அளக்கப்பட்ட நிலைமை என்று இன்னொரு நெடுவரிசையையும் தனித்தனியே வையுங்கள். அளக்கப்படாத நிலைமையை வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள். கட்டளையை எடுத்து அவ்வெற்றிடத்தை நிரப்பாதீர்கள்.

சமநிலைக் கணக்கு

இயந்திரக் கற்றல் வரை செல்வதற்கு முன், திணிவையும் சக்தியையும் கணக்கிட்டுப் பாருங்கள். கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரத்தில் நீர் முகாமை செய்வோர், ஆற்றால் வந்த நீர், மதகால் திறந்துவிட்ட நீர், குளத்தின் மட்டத்தில் ஏற்பட்ட மாற்றம் ஆகிய மூன்றையும் ஒட்டிப் பார்த்து, கணக்கில் வராமல் போன நீர் எவ்வளவு என்று அறிவர். முதற்சுற்றின் கசிவையும் அவ்வாறே அறியலாம். உள்ளே நிரப்பிய நீரிலிருந்து வெளியெடுத்த நீரைக் கழித்து, அமுக்கச் சீராக்கியிலும் சேமிப்புத் தாங்கியிலும் கூடிய நீரையும் கழித்தால் எஞ்சுவது கசிவாகும். அமெரிக்க அமுக்கநீர் உலைகளின் இயக்க விதிகளில், மூலம் அறியப்படாத கசிவுக்கு நிமிடத்துக்கு 1 கலன், அதாவது ஏறத்தாழ 3.8 லீற்றர், என்பதே வழமையான எல்லை. பல நூறு கனமீற்றர் நீர் சுழலும் தொகுதியில் இத்துணைச் சிறிய இழப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

இக்கணக்கில் பலரும் இடறும் இடம் நீரின் அடர்த்தியாகும். 300 பாகையளவில் வெப்பநிலை ஒரு பாகை குறைந்தாலும் நீர் சுருங்கி அமுக்கச் சீராக்கியின் மட்டம் தாழும், அது கசிவன்று. ஆகவே கனவளவில் அன்றித் திணிவிலேயே கணக்கிடுங்கள். வலுவும் வெப்பநிலையும் நிலையாக இருக்கும் இடைவெளிகளை மட்டும் தெரிந்தெடுங்கள். ஒரு நிமிடத்து வித்தியாசத்தைப் பார்க்காமல் சில மணித்தியாலங்களுக்குச் சரிவைப் பொருத்துங்கள்.

சக்திச் சமநிலையும் இதேபோல் பயனுடையது. ஊட்டுநீரின் பாய்ச்சல் வீதத்தை அளக்கும் வெஞ்சூரிக் குழாயில் காலப்போக்கில் படிவு சேர்ந்து துளை ஒடுங்கும். அதனால் பாய்ச்சல் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டப்படும். அதிலிருந்து கணிக்கப்படும் வெப்ப வலுவும் கூடுதலாகத் தோன்றும். இயக்குநர்கள் உலையை அனுமதிக்கப்பட்ட வலுவுக்குக் கீழேயே நடத்திக்கொண்டிருப்பர். ஆபத்து ஏதுமில்லை, மின் இழப்பு மட்டும் உண்டு. இப்படிவை ஏனைய குறிகைகளைக் கொண்டு கண்டறிவது மாணவர் ஆய்வுக்கு மிகப் பொருத்தமான சிறு தலைப்பாகும்.

இயல்பு நிலையைக் கற்பித்தல்

இதன் பின்னரே தரவுவழி மாதிரிக்கு வர வேண்டும். எளிதும் வலுவானதுமான ஒரு வழி, ஒப்புமை கொண்டு மதிப்பிடுதலாகும். அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் இக்குடும்பத்தைச் சேர்ந்த முறையொன்றை அணுவுலை உணரிகளைக் கண்காணிப்பதற்கென வளர்த்தெடுத்தது. உலை பழுதின்றி இயங்கிய காலத்தின் வாசிப்புகளிலிருந்து சில நூறு கணங்களைத் தெரிந்தெடுத்து நினைவகமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய வாசிப்பு ஒன்று வந்ததும், அது நினைவகத்தின் ஒவ்வொரு கணத்திலிருந்தும் எவ்வளவு தூரம் விலகியுள்ளது என்று கணித்து, நெருங்கியவற்றுக்குக் கூடுதல் நிறையும் விலகியவற்றுக்குக் குறைந்த நிறையும் கொடுத்து நிறையிட்ட இடையை எடுங்கள். இந்த வாசிப்பு பழுதற்ற உலையினுடையதாயின் இவ்வாறு இருந்திருக்கும் என்பதே அம்மதிப்பு. உண்மை வாசிப்பிலிருந்து இதைக் கழித்தால் கிடைப்பது எச்சம். இனிச் செய்யும் ஆய்வெல்லாம் எச்சத்தின் மீதே அமையும்.

தூரத்தைக் கணிப்பதற்கு முன் ஒவ்வொரு குறிகையையும் அதன் நியம விலகலால் (வாசிப்புகள் இடையிலிருந்து சிதறும் அளவால்) வகுத்துவிடுங்கள். இல்லையேல் பெரிய எண்ணுடைய குறிகை ஏனையவற்றை விழுங்கிவிடும். நினைவகத்தில் முழு வலு மட்டும் இருக்கலாகாது. வலுவை ஏற்றும்போதும் இறக்கும்போதும் உள்ள கணங்களும் வேண்டும். மேலும், பழுதடைந்த ஓர் உணரி தூரக் கணிப்பைக் குலைப்பதால் நல்ல உணரிகளின் எச்சங்களும் சிறிது அசையும். இதைத் தடுக்க, ஐயத்துக்குரிய குறிகையை ஒதுக்கிவிட்டு மீண்டும் ஒருமுறை மதிப்பிடுங்கள். எஞ்சியவற்றின் எச்சங்கள் உடனே அமைதியடைந்தால் பழுது அந்த உணரியில். அமைதியடையாவிடில் உலையிலேயே ஏதோ நடக்கிறது. நான் முன்னர் வலியுறுத்திய கேள்விக்கு எண்ணால் விடை தரும் இடம் இதுவே.

எப்போது எச்சரிப்பது

எச்சம் நியம விலகலின் மூன்று மடங்கைத் தாண்டினால் எச்சரிப்போம் என்று பலர் எழுதிவிடுகின்றனர். கணக்கிட்டுப் பாருங்கள். செவ்வன் பரம்பலில் மூன்று மடங்குக்கு வெளியே விழும் நிகழ்தகவு 0.27 சதவீதம். ஒரு குறிகையை ஒரு செக்கனுக்கு ஒருமுறை வாசித்தால் ஒரு நாளில் 86,400 வாசிப்புகள். அவை ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், பழுதே இல்லாத ஓர் உணரி நாளொன்றுக்கு ஏறத்தாழ 233 பொய் எச்சரிக்கைகளை எழுப்பும். முப்பது குறிகைகளுக்கு எழும் எச்சரிக்கைகளை எவராலும் செவிமடுக்க இயலாது.

புள்ளிவிபரவியலாளர் ஆபிரகாம் வால்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவாக்கிய தொடர் நிகழ்தகவு விகிதச் சோதனை இதற்கு உகந்தது. ஒரு வாசிப்பைக் கண்டு முடிவெடுக்காமல், சான்று போதிய அளவு திரளும் வரை அது கூட்டிக்கொண்டே செல்லும். ஒரு வெப்பநிலை உணரியின் எச்சத்துக்கு நியம விலகல் 0.5 பாகை என்றும், நாம் பிடிக்க விரும்பும் விலகல் 1 பாகை என்றும் கொள்வோம். ஒவ்வொரு வாசிப்பிலும் எச்சத்திலிருந்து விலகலின் பாதியாகிய 0.5 ஐக் கழித்து, விலகலை நியம விலகலின் வர்க்கத்தால் வகுத்த ஈவாகிய 4 ஆல் பெருக்கி, வரும் எண்ணை ஒரு தொகையில் சேர்த்துவாருங்கள். பொய் எச்சரிக்கைக்கு 1 சதவீதமும், பழுதைத் தவறவிடுவதற்கு 10 சதவீதமும் இடமளித்தால், மேலெல்லை 90 இன் இயற்கை மடக்கையாகிய 4.5 ஆகவும் கீழெல்லை ஏறத்தாழ மறை 2.3 ஆகவும் அமையும். தொகை மேலெல்லையைத் தாண்டினால் பழுது. கீழெல்லைக்குக் கீழ் சென்றால் நலம். இரண்டிலும் தொகையைப் பூச்சியமாக்கி மீண்டும் தொடங்குங்கள். உணரி உண்மையில் 1 பாகை விலகியிருந்தால் தொகை சராசரியாக வாசிப்பொன்றுக்கு 2 ஆக ஏறும். மூன்றாம் வாசிப்பளவில் முடிவு கிடைத்துவிடும். எதிர்த்திசை விலகலுக்கும் இதேபோல் இன்னொரு தொகை வேண்டும்.

இச்சோதனை, அடுத்தடுத்த வாசிப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோளில் நிற்கிறது. வெப்பநிலை போன்ற மந்தமான குறிகைகளில் அது பொருந்தாது. எனவே எச்சத்தின் தன்னிணைபை (ஒரு வாசிப்பு அதற்கு முந்தியவற்றைச் சார்ந்திருக்கும் அளவை) கணித்து, அது மறையும் அளவுக்கு வாசிப்புகளின் இடைவெளியைக் கூட்டிய பிறகே சோதனைக்கு உட்படுத்துங்கள்.

பழுதின் பெயரைக் கண்டறிதல்

ஏதோ பிழை என்று அறிவது ஒரு படி. அது இன்னது என்று சொல்வது அடுத்த படி. நான்கு பழுதுகளை எடுத்துக்கொண்டு அவற்றின் அடையாளங்களைக் கைப்பட எழுதிப் பாருங்கள். நான்கிலும் முதற்சுற்றின் அமுக்கம் இறங்கும் என்பதால் அமுக்கம் மட்டும் எதையும் பிரித்துக் காட்டாது.

காப்புக் கட்டடத்துக்குள் முதற்சுற்றின் குழாய் உடைந்தால் அமுக்கச் சீராக்கியின் மட்டம் தாழ, அக்கட்டடத்தின் அமுக்கமும் ஈரப்பதனும் கதிர்வீச்சும் உயரும். நீராவிப் பிறப்பாக்கியின் குழாய் ஒன்று வெடித்தால் சீராக்கியின் மட்டம் அவ்வாறே தாழும். ஆனால் காப்புக் கட்டடம் அமைதியாக இருக்க, பாதிக்கப்பட்ட பிறப்பாக்கியின் மட்டம் உயர்ந்து, அதன் நீராவிக் குழாயில் கதிர்வீச்சு தோன்றும். 1991 பெப்ரவரி 9 அன்று ஜப்பானின் மிஹாமா நிலையத்தின் இரண்டாம் அலகில் நேர்ந்தது இவ்வகைப் பழுதே. பிரதான நீராவிக் குழாய் உடைந்தாலோ நீராவி அமுக்கம் சடுதியாக வீழ்ந்து, முதற்சுற்று அளவுக்கு மீறிக் குளிர்ந்து, நீர் சுருங்குவதால் சீராக்கியின் மட்டமும் இறங்கும்; உலை நிறுத்தப்படும் வரை வலு ஏறவும் கூடும்; கதிர்வீச்சு எங்கும் உயராது.

நான்காவது, அமுக்கந்தணி வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்ளுதல். இங்கே அமுக்கம் இறங்க, சீராக்கியின் மட்டம் உயர்கிறது. நீர் வெளியேறும் துளை சீராக்கியின் உச்சியில் இருப்பதால், சுற்றின் நீர் அதை நோக்கி ஈர்க்கப்படுகிறது. வேறிடங்களில் நீர் கொதித்து உண்டாகும் ஆவியும் நீரைச் சீராக்கிக்குள் தள்ளுகிறது. 1979 இல் இயக்குநர்கள் உயரும் மட்டத்தைக் கண்டு நீர் மிகுந்துவிட்டதாகக் கருதி அவசர நீரேற்றத்தைக் குறைத்ததற்குக் காரணம் இதுவே. அமுக்கம் இறங்க மட்டம் ஏறுகின்ற இச்சேர்க்கையை உங்கள் நிரல் தனி விதியாகவே வைத்திருக்க வேண்டும்.

குழாய் வெடிப்பை அறிவதற்கு நைதரசன்-16 சிறந்த சான்று. நீரில் உள்ள ஒட்சிசன்-16 ஐ விரைவான நியூத்திரன் தாக்கும்போது அது உண்டாகிறது, 6.13 மெகா இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள காமாக் கதிரை வெளியிடுவதால் நீராவிக் குழாயின் தடித்த சுவருக்கு வெளியிலிருந்தே அதை அளக்கலாம். ஆயினும் அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 7.1 செக்கன் மாத்திரமே. உலை நிறுத்தப்பட்டு 71 செக்கன்களில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே உலை நின்ற பிறகு இக்குறிகை குறைந்ததைக் கண்டு கசிவு நின்றுவிட்டதாக நிரல் முடிவுகட்டலாகாது. அக்கணத்திலிருந்து, சுழலியை விட்டு வரும் நீராவியை மீண்டும் நீராக்கும் ஒடுக்கியின் வாயு வெளியேற்றியில் உள்ள கதிர்வீச்சு அளவியை அது நாட வேண்டும்.

இவ்விதிகளை எழுதி முடித்த பின்னரே நரம்பு வலையமைப்பு, தீர்மான மரக்காடு போன்ற, தரவிலிருந்து கற்றுப் பழுதை வகைபிரிக்கும் வகைப்படுத்திகளைப் பயிற்றுங்கள். அப்போதுதான் வகைப்படுத்தி சொல்வது பௌதிகத்தோடு ஒத்துவருகிறதா என்று ஒப்பிட முடியும். பயிற்சித் தரவையும் சோதனைத் தரவையும் பிரிக்கும்போது தனித்தனிக் கணங்களாகக் கலைத்துப் பிரிக்காதீர்கள். போலச்செய்மென்பொருளை ஒருமுறை இயக்கிப் பெற்ற ஓட்டம் முழுவதும் பயிற்சிக்கு அல்லது சோதனைக்கு என்றே பிரியுங்கள். ஒரே ஓட்டத்தின் அடுத்தடுத்த செக்கன்கள் இருபுறமும் விழுந்தால், வகைப்படுத்தி பழுதைக் கற்காமல் அந்த ஓட்டத்தை மனனம் செய்துவிடும். பயிற்சியில் இல்லாத உடைவளவுகளையும் வலு மட்டங்களையும் சோதனைக்கு ஒதுக்குங்கள். இறுதியாக, ஒரு பழுது வகையை முழுவதும் மறைத்து வைத்து, அது வரும்போது நிரல் தெரியாது என்று சொல்கிறதா எனப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத வகைப்படுத்தியைக் கட்டுப்பாட்டு அறைக்கு அருகிலும் கொண்டுசெல்லக் கூடாது.

அதிர்வும் இரைச்சலும்

சில பழுதுகள் வாசிப்பின் சராசரியில் அன்றி அதன் நடுக்கத்திலேயே வெளிப்படும். உலைக்கு வெளியே உள்ள நியூத்திரன் உணரிகளின் இரைச்சலைப் பூரியர் பகுப்பாய்வால் மீடிறன் வாரியாகப் பிரித்தால் உலையகத்தைத் தாங்கும் உருளையின் ஊசலாட்டம் சில ஏட்சு மீடிறனில் ஒரு மேடாகத் தெரியும். எதிரெதிர்ப் பக்கத்து உணரிகளில் அது எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்குவதாக, இருக்கும். அமெரிக்காவின் பலிசேட்ஸ் உலையில் 1973 இல் அவ்வுருளையின் பிடி தளர்ந்திருந்தது இவ்விரைச்சலின் வழியே புலனாயிற்று. தளர்ந்த உலோகத் துண்டு ஒன்று நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும்போது எழும் மோதல் ஒலியை, கலனின் வெளிச்சுவரில் பொருத்திய முடுக்கமானிகள் பதிவுசெய்கின்றன; ஒலி ஒவ்வொரு முடுக்கமானியையும் அடையும் நேர வித்தியாசம் மோதலின் இடத்தைத் தரும். போலச்செய்மென்பொருள்கள் இவ்வளவு விரைவான குறிகைகளைப் பொதுவாகத் தருவதில்லை என்பதால் முதல் ஆய்வில் இதைத் தொடாமல் விடலாம்.

இயக்குநரின் முன்னே

திறீ மைல் ஐலன்டில் விபத்தின் தொடக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. முக்கியமானதைப் பிரித்துக் காட்ட வழியே இருக்கவில்லை. கணினியின் அச்சுப்பொறி நிகழ்வுகளுக்குப் பின்னால் வெகுவாகப் பின்தங்கியது. உங்கள் நிரல் இன்னுமோர் எச்சரிக்கையைச் சேர்ப்பதாயின் அதனால் நன்மையில்லை. திரையில் தோன்றும் செய்தி முடிவையும் அதன் ஆதாரத்தையும் ஐயத்தையும் ஒருங்கே தர வேண்டும். எடுத்துக்காட்டாக: "அமுக்கந்தணி வால்வு திறந்திருக்கலாம். ஆதாரம்: அமுக்கம் இறங்குகிறது, சீராக்கி மட்டம் ஏறுகிறது, வால்வுக்கு அப்பாலுள்ள குழாயின் வெப்பநிலை உயர்வு. முரண்: மூடும் கட்டளை சென்றுள்ளது, வால்வின் நிலை அளக்கப்படவில்லை. சரிபார்க்க: வால்வின் வழி வெளியேறுவது சேரும் வடிகால் தாங்கியின் அமுக்கம்." இவ்வளவும் ஒரே பார்வையில் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

பழுதறியும் நிரல் ஆலோசனை சொல்லும், அவ்வளவே. உலையை நிறுத்தும் காப்புத் தொகுதி தனியானது. அதன் நான்கு தனித்தனி அளவீட்டு வழிகளில் இரண்டு உடன்பட்டால் அது எவரையும் கேளாமல் உலையை நிறுத்திவிடும். அத்தொகுதியிலிருந்து தரவு வெளியே வரலாம். நிரலிலிருந்து எதுவும் உள்ளே செல்லலாகாது. இதனை மென்பொருளால் மட்டும் உறுதிப்படுத்தாமல், ஒருவழியாக மட்டுமே தரவைக் கடத்தும் வன்பொருளால் உறுதிப்படுத்துவர். மேலும் 1979 க்குப் பின்னர் அவசரகால நடைமுறைகள் பழுதின் பெயரை அறிந்தே தீர வேண்டும் என்ற நிலையிலிருந்து மாற்றப்பட்டன. உலையகம் நீரால் மூடப்பட்டுள்ளதா, வெப்பம் அகற்றப்படுகிறதா, காப்புக் கட்டடம் முழுமையாக உள்ளதா என்ற அறிகுறிகளைக் கொண்டே இயக்குநர் செயற்படுகிறார். எனவே உங்கள் நிரல் தவறினாலும் உலையகத்தைக் குளிர்விக்க அவருக்கு வழி இருக்கும். நிரலின் பெறுமதி, அவர் சரியான இடத்தை விரைவில் பார்ப்பதற்கு உதவுவதில் உள்ளது. இதனால் ஆய்வறிக்கையில் வெறும் துல்லியச் சதவீதத்தை எழுதாமல், பழுது தொடங்கிய கணத்திலிருந்து கண்டறிய எடுத்த நேரத்தையும், பழுதற்ற நாளொன்றில் எழுந்த பொய் எச்சரிக்கைகளின் தொகையையும், எந்தப் பழுதை எதுவென்று தவறாகச் சொன்னது என்பதையும் தனித்தனியே எழுதுங்கள்.

எரிபொருள் எரிய எரிய உலையும் மாறும். புதிய எரிபொருளின் மிகையான தாக்குதிறனை (தொடர்தாக்கத்தைப் பெருக்கும் இயல்பை) ஈடுசெய்ய முதற்சுற்று நீரில் கரைக்கப்படும் போரனின் செறிவு எரிபொருட் சுழற்சியின் தொடக்கத்தில் உயர்வாகவும் முடிவில் பூச்சியத்தை அண்மித்தும் இருக்கும்; அதனால் நீரின் வெப்பநிலை மாறும்போது வலு மாறும் விதமும் வேறுபடும். தொடக்கத்தில் கற்ற நினைவகம் முடிவில் பொய் எச்சம் காட்டுவது இதனாலேயே. புதிய கணங்களைச் சேர்க்கும்போது நிரல் தானாகவே சேர்த்துக்கொள்ள விடாதீர்கள்; மெல்ல நகரும் உணரியின் வழுவையும் அது இயல்பென்று கற்றுக்கொள்ளும். உணரிகள் அளவுதிருத்தம் செய்யப்பட்ட பின் கிடைத்த வாசிப்புகளை மட்டும், பொறுப்புள்ள ஒருவர் பார்த்து ஒப்பமிட்ட பிறகு சேருங்கள். எரிபொருள் மாற்றப்பட்ட ஒவ்வொரு முறையும் எச்சங்களின் நியம விலகலை மீண்டும் கணித்து, சோதனையின் பெருக்கு எண்களைத் திருத்தி, பழைய நினைவகத்தைத் திகதியிட்டு அழிக்காமல் வைத்திருங்கள். பின்னொரு நாளில் ஓர் எச்சரிக்கை ஏன் எழுந்தது அல்லது ஏன் எழவில்லை என்று தேடுபவருக்கு, அன்று நிரல் எதை இயல்பென்று கருதியிருந்தது என்பது தேவைப்படும்.